பொருளை வைத்தாயிற்று, மிச்ச வேலை யாருக்கு? சமூகப் பிரச்சினைகளும் டிசைனரின் பொறுப்பும்

டர்பனில் வார்டு கூட்டத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இப்போது புதிதாகச் சில சொற்கள் காதில் விழுகின்றன. 'கோ-டிசைன்' (மக்களோடு சேர்ந்து வடிவமைப்பது), 'சோஷியல் டிசைன்' (சமூகப் பிரச்சினைக்கான வடிவமைப்பு), 'ஹியூமன் சென்டர்டு டிசைன்' (பயன்படுத்துபவரை மையமாக வைத்த வடிவமைப்பு). கழிப்பறை, சந்தை, டாக்சி நிறுத்தம் என்று எதைப் பற்றிப் பேசினாலும் ஒரு டிசைனர் வந்து படம் காட்டுகிறார். டிசைனர் என்றால் சேலைக்குக் கரை போடுபவர், கல்யாணப் பத்திரிகை அச்சுக்குக் கொடுப்பவர் என்று நினைத்திருந்தவர்களுக்குக் குழப்பம்தான். இவருக்கும் நம் தெருக் குழாய்க்கும் என்ன சம்பந்தம்? இவர் செய்தது சரியில்லை என்றால் யாரைப் போய்க் கேட்பது?

இந்த இரண்டு கேள்விகளுக்கும் தென்னாப்பிரிக்காவின் அனுபவத்திலேயே நிறையப் பதில் கிடக்கிறது.

## டிசைன் என்பது படம் மட்டுமா?

ஒரு பொருளோ, இடமோ, சேவையோ எப்படி இருக்க வேண்டும், யார் அதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் டிசைன். படம் அந்தத் தீர்மானத்தின் பதிவு.

2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டொங்காட் பகுதிக்குத் தண்ணீர் கொடுத்த சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்தது. மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை, டேங்கர் லாரிதான் வந்தது. டேங்கருக்குப் பின்னால் பக்கெட்டோடு நின்றவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். குழாய் வாய் தாழ்வாக இருந்தால் 20 லிட்டர் பக்கெட் அடியில் நுழையாது, செம்பில் பிடித்துப் பிடித்து ஊற்ற வேண்டும். உயரமாக இருந்தால் தண்ணீர் தெறித்துப் பாதி தரைக்குப் போகும். நிரம்பிய பக்கெட் 20 கிலோ. அதை எழுபது வயது ஆயா மேட்டுத் தெருவில் தூக்கிக்கொண்டு போக முடியாது, பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை காத்திருப்பார். குழாயின் உயரம், டேங்கர் நிற்கும் இடம், வரும் நேரம் எல்லாமே யாரோ ஒருவர் தீர்மானித்தவை. யாரும் யோசிக்காமல் விட்டிருந்தால், அப்படி விட்டதும் ஒரு தீர்மானம்தான்.

ஆகவே சமூகப் பிரச்சினையில் வேலை செய்யும் டிசைனர் என்றால் நாகரிகமான புதுப்பொருள் ஒன்றைக் கண்டுபிடிப்பவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பொருளை நட்டுவிட்டுப் போன பிறகு மிஞ்சுகிற வேலை, அதாவது தூக்குவது, துடைப்பது, காலி செய்வது, பழுது பார்ப்பது, கட்டணம் கட்டுவது, யார் தலையில் விழும் என்று தீர்மானிப்பவர் அவர். இதை இந்தக் கட்டுரை முழுக்க 'மிச்ச வேலை' என்றே சொல்கிறேன்.

## சமூகப் பிரச்சினை ஏன் வேறு மாதிரியானது?

1973-ல் ஹோர்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெப்பர் என்ற இரண்டு கலிஃபோர்னியாப் பேராசிரியர்கள் ஒரு வேறுபாட்டை விளக்கினார்கள். சதுரங்கப் புதிருக்கும் கணக்குக்கும் விடை உண்டு. விடை வந்ததும் வேலை முடிந்தது. வறுமை, வீடு, போக்குவரத்து அப்படியல்ல. அவற்றுக்கு 'விக்கெட் ப்ராப்ளம்' என்று பெயர் வைத்தார்கள். முரட்டுப் பிரச்சினை என்று சொல்லலாம். அவர்கள் சொன்ன அடையாளங்களில் மூன்று இவை.

1. இதுதான் பிரச்சினை என்று எல்லாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு விளக்கம் கிடைக்காது. சந்தை நெரிசல் போக்குவரத்து போலீசுக்கு ஒரு தொல்லை, அங்கே தக்காளி விற்பவருக்குச் சோறு.

2. சரி அல்லது தவறு என்ற விடை கிடையாது. முன்பைவிடத் தேவலை, முன்பைவிட மோசம் என்றுதான் சொல்ல முடியும்.

3. சோதனை செய்து பார்க்க இடமில்லை. மேம்பாலத்தைக் கட்டிப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் இடிப்போம் என்று சொல்ல முடியாது. அதற்குள் கடை போனவருக்குக் கடை போனதுதான்.

இவற்றோடு அவர்கள் சொன்ன இன்னொன்று கடுமையானது: திட்டம் தீட்டுகிறவருக்குத் தப்புச் செய்யும் உரிமை கிடையாது. விஞ்ஞானி ஒரு கருதுகோளை வைத்து அது பொய்யானால் யாரும் அவரைக் குறை சொல்வதில்லை. ஊரைத் திட்டமிடுகிறவரின் தவறில் மனிதர்கள் வாழ வேண்டியிருக்கிறது.

நம் ஊருக்கு இது புதிதல்ல. 1950-ல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே டர்பன் நகராட்சியின் தொழில்நுட்பத் துணைக்குழு, எந்த இனத்தார் எங்கே இருக்க வேண்டும், நடுவில் எங்கே இடைவெளி விட வேண்டும் என்று திட்டம் தயாரித்தது. தொழில் தெரிந்தவர்கள் அளவுகோல் வைத்துப் போட்ட வரைபடம் அது. நகராட்சித் தொழிலாளர்களான தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நிறைந்திருந்த மேகஸின் பாராக்ஸ் 1960-களில் காலி செய்யப்பட்டது, குடும்பங்கள் இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் போயின. அதுவரை நடந்தே வேலைக்குப் போனவர்கள் இப்போது பஸ்ஸுக்குக் காசு கட்டினார்கள், விடியுமுன் எழுந்தார்கள். அந்த வரைபடத்தின் மிச்ச வேலை அது, இன்றும் தீரவில்லை. சாட்ஸ்வொர்த்தையும், கறுப்பினத்தாருக்கென ஒதுக்கிய பக்கத்து உம்லாசியையும் பிரித்த கோடு இன்றும் சாலையாகவும் பள்ளத்தாக்காகவும் கிடக்கிறது.

'நான் படம்தான் போட்டேன், கொள்கை வேறு ஆள் வகுத்தது' என்ற பதில் இந்த நாட்டில் செல்லாது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

## விளையாட்டுச் சக்கரம்: நல்ல எண்ணம் எப்படித் தோற்றது

நம் நாட்டிலிருந்து உலகம் முழுக்கப் புகழ்பெற்றுப் பிறகு பாடமாகிப்போன ஒரு சாதனம் 'ப்ளேபம்ப்'. பார்க்கில் பிள்ளைகள் உட்கார்ந்து சுற்றும் சக்கரத்தை ஆழ்துளைக் கிணற்றோடு இணைத்துவிட்டார்கள். பிள்ளைகள் சுற்றச் சுற்றத் தண்ணீர் மேலே 2,500 லிட்டர் தொட்டிக்கு ஏறும். தொட்டியின் பக்கங்களில் விளம்பரப் பலகை. பராமரிப்புச் செலவு விளம்பர வருமானத்திலிருந்து வரும் என்பது கணக்கு. 2000-ல் உலக வங்கியின் பரிசு கிடைத்தது. 2006-ல் அமெரிக்க அரசும் தனியார் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தன. 2010-க்குள் ஆப்பிரிக்காவில் 4,000 சக்கரங்கள் என்பது இலக்கு.

பிரச்சினை எங்கே? முதலில் சாதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு சக்கரம் 2,500 பேருக்குத் தண்ணீர் தரும் என்றார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 15 லிட்டர் என்றால் 37,500 லிட்டர். சக்கரம் வேகமாகச் சுற்றினால் மணிக்குச் சுமார் 1,400 லிட்டர். வகுத்தால் 27 மணி நேரம் வருகிறது, ஒரு நாளுக்கு இருப்பதோ 24. 2009-ல் பிரிட்டனின் கார்டியன் நாளிதழ் வெளியிட்ட கணக்கு இது. எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய வகுத்தல்.

அப்புறம் மிச்ச வேலை. காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வேண்டும், பிள்ளைகள் தூங்குகிறார்கள். யார் சுற்றுவது? பெண்கள். கைப்பம்பை ஒருவர் நின்றபடி அடித்துவிடலாம். இந்தச் சக்கரத்தையோ குனிந்து பிடித்துத் தள்ளிக்கொண்டே வட்டமடிக்க வேண்டும். வயதானவர்களுக்கு உடம்பு வலி, ஊர் பார்க்கிறதே என்ற கூச்சம் வேறு. பல இடங்களில் பழைய கைப்பம்பை எடுத்துவிட்டுத்தான் இதை வைத்தார்கள், ஆகவே திரும்பிப் போக வழியில்லை. ஆள் குறைந்த கிராமத்தில் யார் வந்து விளம்பரம் கொடுப்பார்கள்? பலகைகள் வெறுமையாக நின்றன, பழுதுபார்ப்பு தாமதமானது. விலையோ சாதாரணக் கைப்பம்பைப் போலச் சுமார் நான்கு மடங்கு. 2010 வாக்கில் பெரிய அளவிலான அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது.

இதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சுற்றும் புகைப்படத்தைப் பார்த்து மனம் உருகிப் பணம் கொடுத்தவர்கள் அவர்கள். பணம் கொடுத்தவரின் கண்ணுக்கு அழகாகத் தெரிவது ஒன்று, தண்ணீர் எடுப்பவரின் தோளுக்கு ஏற்றது இன்னொன்று. டிசைனர் யாருக்காக வேலை செய்கிறார் என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

அதே தென்னாப்பிரிக்காவில் 1991-ல் உருவான 'ஹிப்போ வாட்டர் ரோலர்' என்ற உருட்டும் பீப்பாயை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 90 லிட்டர் கொள்ளும், தலையில் தூக்க வேண்டாம், கைப்பிடியைப் பிடித்து உருட்டிக்கொண்டு போகலாம். தண்ணீர் தூரத்தில் இருக்கிறது என்ற அடிப்படைப் பிரச்சினையை இது தீர்ப்பதில்லை. ஆனால் யாருடைய வேலை எவ்வளவு குறையும் என்பதை நேர்மையாகச் சொல்கிறது, யாரையும் பழைய கிணற்றிலிருந்து பிரிப்பதும் இல்லை.

## டர்பனின் உலர் கழிப்பறைகள்: சரியான கணக்கு, கசந்த அனுபவம்

இது இன்னும் சிக்கலான உதாரணம். கணக்குப் பிழை இங்கே இல்லை.

2000-ல் தொடங்கிய காலரா குவாசூலு-நட்டாலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அதே ஆண்டு டர்பனை உள்ளடக்கிய எதெக்வினி நகராட்சியின் எல்லை விரிந்து பெரிய கிராமப் பகுதிகள் உள்ளே வந்தன. மேடும் பள்ளமுமான நிலத்தில் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்குக் கழிவுநீர்க் குழாய் போடுவது முடியாத செலவு. நகராட்சி ஒவ்வொரு வீட்டுக்கும் தொட்டி வைத்து ஒரு நாளைக்கு 200 லிட்டர் தண்ணீர் இலவசமாகக் கொடுத்தது. ஆறு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நான்கு முறை, தடவைக்கு 9 லிட்டர் என்று ஃப்ளஷ் செய்தால் 216 லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் ஒரு சொட்டு மிஞ்சாது. ஆகவே தண்ணீர் தேவைப்படாத, சிறுநீரையும் மலத்தையும் தனித்தனியே பிரிக்கும் கழிப்பறை. 80,000-க்கும் அதிகமாகக் கட்டினார்கள். 2014-ல் நகராட்சியின் நீர்த்துறைக்கு ஸ்டாக்ஹோமில் சர்வதேச விருதும் கிடைத்தது.

இப்போது உள்ளே போய்ப் பார்ப்போம். இருக்கைக்குக் கீழே இரண்டு அறைகள். ஒன்று நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்த வேண்டும். மூடியது மாதக்கணக்கில் காய்ந்து மக்கும். பிறகு வீட்டுக்காரர் பின்பக்க மூடியைத் திறந்து, மண்வெட்டியால் வெளியே எடுத்து, தோட்டத்தில் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

அந்த மண்வெட்டியில்தான் எல்லாம் சிக்கியது. பின்னால் எடுத்த ஆய்வுகளில் திருப்தி குறைவாகவே இருந்தது. நாற்றம் இருக்கிறது, காலி செய்வது அருவருப்பு, நகரத்தில் இருப்பவர்களுக்கு ஃப்ளஷ், எங்களுக்கு மட்டும் இதுவா என்று மக்கள் கேட்டார்கள். அந்தக் கடைசிக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. பல தலைமுறையாக இனவாரியாகத் தரம் பிரித்துக் கொடுத்த நாட்டில், 'உங்களுக்கு இது போதும்' என்பது போல் தெரியும் எந்தப் பொருளும் பழைய காயத்தைத் தொடும். மலத்தைக் கையால் அள்ளும் வேலையைச் சாதியாக்கிய வரலாறுள்ள நமக்கு இது இன்னும் நன்றாகவே புரிய வேண்டும். கடைசியில் அறைகளைக் காலி செய்யும் வேலையை நகராட்சியே ஏற்கும் நிலைக்கு வந்தது. மிச்ச வேலை கை மாறியதும் அதற்குத் தனி ஆட்கள், தனி பட்ஜெட், எடுத்ததை என்ன செய்வது என்ற புதுக் கேள்வி எல்லாம் வந்தன.

பொறியியலாகப் பார்த்தால் நல்ல தீர்வு. உயிர்களையும் காத்திருக்கும். ஆனால் காலி செய்யும் நாளில் மண்வெட்டியைப் பிடிக்கப்போகிறவரிடம் அதைப் பற்றி முதலிலேயே பேசியிருக்க வேண்டும்.

## 'மக்கள் ஒப்புக்கொண்டார்கள்' என்றால் போதுமா?

கேப் டவுனின் காயலிட்ஷாவில் மக்காசா என்ற பகுதி. ஐந்து குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை என்று சுவரோடு கட்டுவதற்கான பணத்தில், குடும்பத்துக்கு ஒன்று என்று சுவர் இல்லாமல் வைக்கலாம், சுவரை அவரவர் எழுப்பிக்கொள்ளலாம் என்று பேச்சு. மக்கள் சம்மதித்தார்கள் என்றது நகராட்சி. 1,300-க்கும் மேல் வைத்ததில் பெரும்பாலோர் ஏதாவது தகரம், பலகை வைத்து மறைத்துக்கொண்டார்கள். 51 வீட்டாரால் முடியவில்லை. அவர்கள் திறந்த வெளியில், ஊர் பார்க்க, போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

2011 ஏப்ரலில் மேற்கு கேப் உயர் நீதிமன்றம் இது சட்டவிரோதம், அரசியல் சட்டம் தரும் கண்ணியத்தை மீறுவது என்று தீர்ப்புச் சொன்னது. சம்மதம் என்ற வாதம் நகராட்சியைக் காப்பாற்றவில்லை.

டிசைன் வேலைக்கு இதிலிருந்து வரும் விளைவு பெரியது. கூட்டம் போட்டோம், கை தூக்கினார்கள் என்பது பங்கேற்பு ஆகாது. 1969-லேயே ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க அறிஞர் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக வரைந்தார். அடிப்படிகளில் மக்களைச் சமாதானப்படுத்துவதுதான் நடக்கிறது. நடுவில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும். முடிவெடுக்கும் அதிகாரம் உண்மையாகவே கை மாறுவது மேல் படிகளில்தான். 'கோ-டிசைன்' என்று நோட்டீசில் போட்டுவிட்டு இரண்டு படங்களைக் காட்டி 'எது பிடிக்கிறது' என்று கேட்டால் அது நடுப்படி. இரண்டுமே வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறதா என்பதே உரைகல். இங்கே மாற்றுத்திறனாளிகள் இயக்கம் 1990-களில் பரப்பிய முழக்கம் அதையே சொன்னது: எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்.

## வாரிக் ஜங்ஷன்: உட்கார்ந்து பார்த்தவர்கள் செய்தது

நல்ல உதாரணம் நம் டர்பனிலேயே இருக்கிறது. நாளுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடந்துபோகும் வாரிக் ஜங்ஷனில் 1990-களின் நடுவில் நகராட்சி ஒரு சீரமைப்பைத் தொடங்கியது. வியாபாரிகளைத் துரத்தாமல், அவர்களுடைய வேலையை முதலில் கவனித்தார்கள். 'முத்தி' எனப்படும் நாட்டு மருந்து விற்பவர்கள் நடைபாதையில் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் பாதியில் கைவிடப்பட்ட நெடுஞ்சாலை மேம்பாலம் ஒன்று சும்மா நின்றது. அதன் மேலேயே அவர்களுக்குச் சந்தை அமைந்தது, ரயில் நிலையத்திலிருந்து வரும் கூட்டம் நேரே கடைகள் வழியாகப் போகும்படி பாலமும் வந்தது. கடையை மட்டும் மாற்றினால் போதாது, வாடிக்கையாளரின் கால் நடக்கும் வழியையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை.

மாட்டுத்தலை வேகவைத்து விற்கும் பெண்களின் இடத்தைத் திட்டமிட வேண்டுமானால் எத்தனை சிறு கேள்விகள்: கொதிக்கும் பானையை எங்கே வைப்பது, கொழுப்பு கலந்த தண்ணீர் எந்த வடிகாலில் போகும், கத்தியை எங்கே கழுவுவது, இரவில் சாமானை எங்கே பூட்டுவது. அலுவலகத்தில் உட்கார்ந்து இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. அந்தச் சீரமைப்பில் வேலை செய்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் டாப்சன், பேட்ரிக் ந்த்லோவுவுடன் சேர்ந்து 2008-ல் 'அசியே எதஃபுலேனி' என்ற அமைப்பைத் தொடங்கினார். சூலு மொழியில் 'மேசைக்குப் போவோம்' என்ற பொருள். அட்டை பொறுக்குபவர்களோடு உட்கார்ந்து அவர்களுக்கேற்ற தள்ளுவண்டியை உருவாக்கியதும் அவர்கள்தான்.

அங்கேயே 1910-ல் தொடங்கிய ஏர்லி மார்னிங் மார்க்கெட். இந்தியத் தோட்டக்காரர்கள் விடியற்காலையில் காய்கறி கொண்டுவந்து விற்ற சந்தை. ஒப்பந்தக் கூலியாக வந்து, காலம் முடிந்ததும் ஏக்கர் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டவர்களின் பேரன் பேத்திகள் இன்றும் அங்கே கொத்தமல்லிக் கட்டும் சேப்பங்கிழங்கும் விற்கிறார்கள். 2009-ல், 2010 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன்னால், அதை இடித்து ஷாப்பிங் மால் கட்டத் திட்டம் வந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், திட்டம் நின்றது. வியாபாரிகளின் தரப்பில் நின்றவர்களில் வாரிக்கில் பல ஆண்டு வேலை செய்த டிசைனர்களும் இருந்தார்கள். சில நேரம் டிசைனரின் வேலை எதையும் கட்ட வேண்டாம் என்று சொல்வதுதான்.

## அப்படியானால் டிசைனரின் பொறுப்புகள் என்ன?

1. மிச்ச வேலையை எழுதிக் காட்டுவது. யார் துடைப்பார், யார் பழுது பார்ப்பார், உதிரிபாகம் எங்கே கிடைக்கும், மாதம் எவ்வளவு. படத்தோடு இந்தத் தாளும் வர வேண்டும்.

2. பணம் கொடுப்பவரும் பயன்படுத்துபவரும் வேறு வேறு ஆட்கள் என்பதை மறக்காமல் இருப்பது. இரண்டு பேருக்கும் ஒத்துவராத இடத்தில் அதை மறைக்காமல் சொல்வது.

3. திரும்பிப் போகும் வழியை விட்டுவைப்பது. புதுப் பம்ப் வேலை செய்கிறது என்று உறுதியாகும்வரை பழைய பம்பைப் பிடுங்கக் கூடாது.

4. திரும்பி வருவது. திறப்புவிழாவுக்கு எல்லாரும் வருவார்கள். ஆறு மாதம் கழித்து, முதல் மழைக்குப் பிறகு வந்து பார்ப்பவர் குறைவு.

5. தன் எல்லையைச் சொல்வது. வேலையின்மையையும் நில உரிமையையும் எந்த நாற்காலியும் எந்தச் செயலியும் தீர்க்காது. அரசியல் முடிவு தேவைப்படும் இடத்தில் டிசைனைக் காட்டிக் காலம் கடத்துவதற்குத் துணை போகக் கூடாது.

இவற்றை மீறினால் யாரைக் கேட்பது? கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் சட்டப்படி தங்கள் தொழில் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், புகார் கொடுக்க இடம் உண்டு. சேவை டிசைனர், கிராஃபிக் டிசைனர், பொருள் டிசைனர் ஆகியோருக்கு அப்படிச் சட்டப் பதிவு இல்லை. ஆகவே பொறுப்பு கடைசியில் அவரை அமர்த்திய நகராட்சியிடம்தான் வந்து நிற்கிறது. 2000-ஆம் ஆண்டின் முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டம் மக்கள் பங்கேற்பை நகராட்சியின் கடமையாகவே வைத்திருக்கிறது.

கேட்க வேண்டிய நேரமும் தெரிந்துகொள்ள வேண்டியது. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்கும். அதற்கு 90 நாள் முன்னதாக, அதாவது மார்ச் முடிவதற்குள், வரைவு பட்ஜெட்டைக் கவுன்சிலில் வைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கருத்துக் கேட்புக் கூட்டங்கள். அந்த வரைவில் புதிதாகக் கட்டுவதற்கான பணம் ஒரு பக்கம், பழுதுபார்ப்பும் பராமரிப்பும் இன்னொரு பக்கம். நகராட்சிக்குச் சொந்தமான சொத்துகளின் மதிப்பில் 8 சதவீதம் பராமரிப்புக்குப் போக வேண்டும் என்பது தேசிய கருவூலத்தின் அளவுகோல். உங்கள் வார்டில் வரப்போகும் கழிப்பறையோ சந்தைக் கூரையோ முதல் பக்கத்தில் கண்டிப்பாக இருக்கும். இரண்டாம் பக்கத்தில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லை என்றால் டிசைனர் எழுந்து படம் காட்டும்போதே கையைத் தூக்கி அதைக் கேளுங்கள்.